அடுக்குச் சார்பின் வளைகோடு ஏன் அச்சைத் தொடுவதில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் தாயார் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். படிவம் 3 இல் (இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில்) படிக்கும் அவருடைய மகளிடம், வை = 2^எக்ஸ் என்னும் சார்பை, எக்ஸ் −4 முதல் 4 வரை, வரைபடத்தாளில் வரைந்து வருமாறு ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அவள் புள்ளிகளைச் சரியாகவே குறித்திருக்கிறாள். ஆனால் அவற்றை அடிக்கோலால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டாள். இடப்பக்கத்தில் கோடு எக்ஸ் அச்சைத் தொடும்படியும் விட்டுவிட்டாள். இரண்டு இடத்திலும் மதிப்பெண் குறைந்தது. "தொடாது என்று ஆசிரியர் சொல்கிறார், ஆனால் தாளில் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?" என்று மகள் கேட்கிறாளாம். அதை வீட்டில் தமிழில் எப்படி விளக்குவது என்பதுதான் தாயாரின் கேள்வி. (^ என்னும் குறிக்குப் பின்னால் வருவது அடுக்கு. அதாவது 2^எக்ஸ் என்பது, 2 இன் தலைமேல் எக்ஸைச் சிறிதாக எழுதுவதற்கு ஒப்பு.)

சகோதரி, உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. "தொடாது, அவ்வளவுதான்" என்பது அதற்குப் பதிலாகாது. பேராக் மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் என்ற முறையிலும், தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் மலாய்மொழிக் கணிதத்தோடு தடுமாறியவன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பள்ளியில் அவள் 'இண்டெக்ஸ்' என்று கேட்பது நம் அடுக்கு; 'ஆசாஸ்' என்பது அடிமானம், அதாவது 2^எக்ஸ் இல் உள்ள 2; 'பக்சி' என்பது அச்சு. இந்த மூன்று சொற்களையும் இரு மொழியிலும் அவள் சொல்லப் பழகிவிட்டால், மற்றதை எந்த மொழியில் விளக்கினாலும் அவளுக்குப் பிடிபடும். சார்பின் வரைபடம் படிவம் 2 இல் வந்துவிட்டது. அடுக்கு படிவம் 3 இன் முதல் பாடம். இப்பயிற்சியில் அவ்விரண்டும் சந்திக்கின்றன என்பதால், இதில் எழும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் பிள்ளை காரணமல்ல.

வரைவதற்கு முன்பு, இது எதன் படம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஊரிலேயே பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். முதல் மாதம் 10, இரண்டாம் மாதம் 20, மூன்றாம் மாதம் 30 என்று, கட்டிய தொகை ஒவ்வொரு மாதமும் அதே பத்தால் கூடுகிறது. இதை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடுதான் கிடைக்கும். ஒரே அளவைக் கூட்டிக்கொண்டே போனால் நேர்கோடு: இது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

இப்போது வேறொரு கணக்கு. உரிமம் இல்லாதவர் ஒருவரிடம் மாதம் 10 விழுக்காடு வட்டிக்கு 1000 வெள்ளி வாங்கி, எதையும் திருப்பிக் கட்டாமல், வட்டியும் முதலோடு சேர்ந்துகொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாத முடிவில் 1100, பிறகு 1210, 1331, 1464.10 என்று அது ஏறும். இங்கே ஒவ்வொரு மாதமும் 1.1 ஆல் பெருக்குகிறோம். வட்டி குட்டி போடுகிறது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். குட்டியும் குட்டி போடுகிறது. முதல் மூன்று மாதங்களில் 100, 110, 121 என்று கூடுவதால், அந்தப் பகுதியை மட்டும் வரைந்தால் நேர்கோடு என்றே கண் நம்பிவிடும். எட்டாம் மாதத்தில் கடன் 2143 வெள்ளியைத் தாண்டும். பன்னிரண்டாம் மாதம் 3138 வெள்ளி ஆகிவிடும். 1951 ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம், ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்கிறது; வட்டிக்கு வட்டி போடுவதையும் தடை செய்கிறது. கணித மொழியில் சொன்னால், உரிமம் பெற்றவர் நேர்கோட்டில் வாங்கலாம், வளைகோட்டில் வாங்கக் கூடாது. 1000 வெள்ளிக்கு ஐந்து ஆண்டில் அந்த நேர்கோடு 1900 வரை போகும். உரிமம் இல்லாதவரின் வளைகோடு ஓராண்டுக்குள்ளேயே அதைக் கடந்துவிடுகிறது. நான் வகுப்பில் இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையச் சொல்வது வழக்கம். வீட்டில் கடனால் அவதிப்பட்ட பிள்ளைகள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

ஆகவே அடுக்குச் சார்பின் இலக்கணம் இதுதான்: எக்ஸ் அச்சில் சம அளவு அடி எடுத்து வைக்கும்போதெல்லாம், வை மதிப்பு ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறது. வை = 2^எக்ஸ் என்றால், வலப்பக்கம் ஓர் அலகு நகரும்போது வை இரட்டிப்பாகும்; இடப்பக்கம் ஓர் அலகு நகரும்போது பாதியாகும். உங்கள் மகளின் எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

அட்டவணையை அவள் கணிப்பானில் தட்டி நிரப்பியிருப்பாள். அதைவிட, 2⁴ = 16 இல் தொடங்கி இடப்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள். 16 இன் பாதி 8, அதன் பாதி 4, அதன் பாதி 2; இது 2¹. இன்னும் ஓர் அடி இடப்பக்கம் போனால் 2 இன் பாதி, அதாவது 1. இது 2⁰. "எதையும் பெருக்காதபோது எப்படி 1 வரும், 0 அல்லவா வர வேண்டும்?" என்று பிள்ளைகள் மயங்கும் இடம் இது. பாதியாக்கிக்கொண்டே வந்தவர்களுக்கு அது 1 ஆக இல்லாமல் இருக்க வழியே இல்லை. மேலும் நடந்தால் ½, ¼, ⅛, 1/16 என்று 2⁻¹ முதல் 2⁻⁴ வரை கிடைத்துவிடும். அடுக்கில் உள்ள கழித்தல் குறி, இடப்பக்கம் எத்தனை அடி போனோம் என்பதைத்தான் சொல்கிறது. அது விடையைக் கழித்தல் எண்ணாக ஆக்குவதில்லை. 2⁻³ ஐ −8 என்று எழுதி, புள்ளியை அச்சுக்குக் கீழே கொண்டுபோய் வைத்த தாள்களை நான் ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறேன்; பாதியாக்கி நடந்த பிள்ளை யாரும் அந்தத் தவற்றைச் செய்ததில்லை.

அடுத்து, அடிக்கோல் ஏன் கூடாது என்பது. (3, 8), (4, 16) என்னும் இரு புள்ளிகளை அடிக்கோலால் இணைத்தால், நடுவில் எக்ஸ் 3.5 ஆகும்போது கோடு 12 என்று காட்டும். உண்மையான மதிப்பு என்ன? அரை அடி நகர்ந்தால் எதனால் பெருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு அரை அடி சேர்ந்தால் ஓர் அடி; ஓர் அடிக்குப் பெருக்கம் 2; அப்படியானால் தன்னைத் தானே பெருக்கினால் 2 வரும் எண்தான் அரை அடிக்கு உரியது. அது 2 இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. எனவே 3.5 இல் மதிப்பு 8 × 1.414, அதாவது ஏறத்தாழ 11.31. அடிக்கோல் காட்டிய 12 அதைவிட மிகுதி. 0 க்கும் 1 க்கும் நடுவிலும் இதே கதை: கோடு 1.5 என்கிறது, உண்மை 1.414. எங்கே இணைத்தாலும் அடிக்கோலின் துண்டு வளைகோட்டுக்கு மேலேதான் நிற்கும். அவள் இழந்த மதிப்பெண் வெறும் அழகுக்காகக் குறைக்கப்பட்டதன்று. அடிக்கோலால் வரைந்த படம் இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் தவறாகச் சொல்கிறது. அரை அடிகளுக்கும் புள்ளி குறித்துவிட்டு (0.5 க்கு 1.41, 1.5 க்கு 2.83, 2.5 க்கு 5.66, 3.5 க்கு 11.31), தாளைச் சுழற்றி, மணிக்கட்டு வளைவின் உட்புறத்தில் இருக்குமாறு வைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் வரையச் சொல்லுங்கள். இந்தச் சார்புக்கு உட்புறம் என்பது வளைகோட்டின் மேல் இடப்பக்கம். கடைகளில் கிடைக்கும் வளையும் அடிக்கோலையும் பயன்படுத்தலாம். ஆனால் முதல் சில படங்களையாவது கையால் வரைந்தால்தான் வளைவு கைக்குப் பழகும்.

இனி, தொடுவதும் தொடாததும். அவள் வை அச்சில் 2 சென்டிமீட்டருக்கு 5 அலகு என்ற அளவுகோலை எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பல தேர்வுத்தாள்களில் வரும் அளவுகோல் அது. ஆனால் இந்தப் படத்துக்கு அது பொருந்தவில்லை. அதன்படி ஓர் அலகு 4 மில்லிமீட்டர். −4 இல் வை மதிப்பு 0.0625, தாளில் அது 0.25 மில்லிமீட்டர் உயரம். அவள் பயன்படுத்தும் அழுத்துப் பென்சிலின் முனையே 0.5 மில்லிமீட்டர் கனம். ஆகவே தாளில் கோடு அச்சைத் தொட்டது என்று அவள் கண்டது உண்மைதான். பென்சில் அந்த இடைவெளியை மூடிவிட்டது. அவள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். அளவுகோலை 1 சென்டிமீட்டருக்கு 1 அலகு என்று மாற்றினால், −2 இல் உயரம் 2.5 மில்லிமீட்டர், அதாவது வரைபடத்தாளின் ஒரு சிறு கட்டத்தைவிடச் சற்றே அதிகம். −3 இல் 1.25, −4 இல் 0.625 மில்லிமீட்டர். கூர்மையான பென்சிலால் வரைந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். மேலே 16 சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும். தாளில் அது அடங்கும்.

ஆனால் அளவுகோலை எப்படி மாற்றினாலும் எங்கோ ஓரிடத்தில் பென்சில் இடைவெளியை மூடத்தான் செய்யும். அப்போது கண்ணை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். ஒன்றைப் பாதியாக்கினால் மிஞ்சுவது சிறியதாக இருக்கும், ஒன்றுமில்லாததாக இருக்காது. அந்தச் சிறியதை மறுபடி பாதியாக்கினாலும் ஏதோ மிஞ்சும். எத்தனை முறை பாதியாக்கினாலும் 0 வந்து சேர முடியாது; ஏனென்றால் எந்த எண்ணின் பாதி 0 ஆகுமோ அந்த எண் முன்பே 0 ஆக இருந்திருக்க வேண்டும். ஓர் அலகு 1 சென்டிமீட்டர் என்ற அளவிலேயே இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தால், −10 இல் உயரம் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர், அதாவது சாதாரணத் தாளின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. −27 இல் ஓர் அணுவின் அகலத்தைக் காட்டிலும் குறைவு. அங்கேயும் அது 0 ஆகவில்லை. இதே கோட்டை வலப்பக்கம் பின்தொடர்ந்தால், எக்ஸ் 10 ஆகும்போது உயரம் பத்து மீட்டரைத் தாண்டும். 22 ஆகும்போது ஏறத்தாழ 42 கிலோமீட்டர், உங்கள் வீட்டிலிருந்து ஈப்போ இருக்கும் தொலைவைவிட அதிகம். இடப்பக்கத்து அமைதியும் வலப்பக்கத்துப் பாய்ச்சலும் ஒரே விதியின் இரு முகங்கள் என்பதை இந்த எண்களைச் சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை. இப்படி வளைகோடு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமல் நிற்கும் கோட்டைத் தொலைத்தொடுகோடு என்கிறோம்.

தொலைத்தொடுகோடு எப்போதும் எக்ஸ் அச்சுதான் என்று மனப்பாடம் செய்ய விடாதீர்கள். 80 பாகை வெப்பத்தில் ஆற்றிக் கொடுத்த தே தாரேக்கை 30 பாகை வெப்பமுள்ள கடையில் மேசைமேல் மறந்து வைத்துவிட்டதாகக் கொள்வோம். ஆறுவது தேநீரின் வெப்பம் முழுவதும் அன்று. அறையைக் காட்டிலும் மிகுதியாக உள்ள 50 பாகைதான் பாதி பாதியாகக் குறைகிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிறது என்று எடுத்துக்கொண்டால் 80, 55, 42.5, 36.25 என்று இறங்கும். இங்கே வளைகோடு 30 இல் கிடையாகக் கிடக்கும் கோட்டை நெருங்கும். சமன்பாட்டில் அது வை = 30 + 50 × (½)^எக்ஸ் (இங்கே எக்ஸ் என்பது எத்தனை கால் மணி நேரம் கடந்தது என்பது); கூட்டப்பட்ட 30 முழுப் படத்தையும் அப்படியே மேலே தூக்கி வைத்திருக்கிறது. அடிமானம் ½ என்பதால் கோடு இறங்குகிறது. 0 க்கும் 1 க்கும் இடைப்பட்ட அடிமானம் எல்லாம் இறங்குகோடுதான். (½)^எக்ஸ் படத்தை வை அச்சில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் 2^எக்ஸ் தெரியும். அடிமானம் 1 என்றால் கிடைக்கோடு. கழித்தல் எண்ணை அடிமானமாக எடுப்பதில்லை. அரை அடி நகரும்போது −2 இன் வர்க்கமூலம் தேவைப்பட்டு வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2^எக்ஸ் என்பதும் எக்ஸ்² என்பதும் ஒன்றல்ல. 2 இலும் 4 இலும் இரண்டும் ஒரே மதிப்பைத் தருவதால் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். 3 இல் 8 க்கு எதிரே 9, 10 இல் 1024 க்கு எதிரே 100. எக்ஸ்² இடப்பக்கம் மறுபடியும் மேலே ஏறும், 2^எக்ஸ் ஏறாது.

படிவம் 5 இல் கணித மாதிரியம் என்ற பாடத்தில் இந்தச் சார்பு மறுபடி வரும். அங்கே அவள் நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதை நான் என் தாயாரின் வேலையிலிருந்து சொல்கிறேன். செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத் தூளைத் தூவும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் கையால் செய்த காலம் இருந்தது. என் தாயாரும் அதைச் செய்தார். 1981 இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு மூக்குவண்டை ஜொகூர்த் தோட்டங்களில் விட்டார்கள். ஆண்பூக்களில் முட்டையிட்டுப் பெருகிய அவ்வண்டுகள், சில ஆண்டுகளுக்குள் அந்தக் கைவேலையே தேவைப்படாமல் செய்துவிட்டன. குட்டி குட்டி போடும் கணக்கு உயிர்களிடத்தும் உண்டு. ஆனால் வண்டுகள் முட்டையிட ஆண்பூக்கள் இருக்கும் அளவுக்குத்தான் பெருக முடியும். அதற்குப்பின் வளைகோடு மட்டுப்படும். தாளில் உள்ள 2^எக்ஸ் எந்தத் தடையும் இல்லாமல் ஏறும். மண்ணில் உள்ளது அப்படி ஏறாது. எந்த எல்லைக்குள் சார்பு பொருந்தும் என்று கேட்கப் பழகிய மாணவிக்கு அந்தப் பாடம் எளிதாக இருக்கும்.

கடைசியாக, அவள் புதிதாக வரையும் படத்தைச் சரிபார்க்க ஒரு வழி. எக்ஸ் அச்சில் 2 சென்டிமீட்டருக்கு 1 அலகும், வை அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 1 அலகும் எடுக்கட்டும். எக்ஸ் அச்சை −6 வரை நீட்டிக்கொள்ளட்டும். வளைகோட்டை வரைந்து முடித்ததும், அவள் ஒதுக்கி வைத்த அடிக்கோலை எடுத்து, (3, 8) என்னும் புள்ளியில் வளைகோட்டை வெட்டாமல் உரசிச் செல்லுமாறு வைத்து, அது எக்ஸ் அச்சை எங்கே சந்திக்கிறது என்று குறிக்கட்டும். சரியாக வரைந்திருந்தால் அது 1.56 க்கு அருகில் இருக்கும், அதாவது புள்ளிக்கு நேர்க்கீழிருந்து 1.44 அலகு இடப்பக்கம். தாளில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். பிறகு (1, 2) இல் அதையே செய்யட்டும், (−1, 0.5) இலும் செய்யட்டும். ஒவ்வொரு முறையும் அதே 2.9 சென்டிமீட்டர்தான் வரும். இப்படிப்பட்ட வளைகோடு எது என்ற புதிரைப் பதினேழாம் நூற்றாண்டில் தெ போன் என்னும் பிரெஞ்சுக்காரர் கேட்டார். 1684 இல் லைப்னிட்ஸ் விடுவித்தார். மகள் கேட்ட கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும், இதே சரிவில் போனால் இன்னும் 2.9 சென்டிமீட்டரில் அச்சைத் தொட்டுவிடலாம் என்று அடிக்கோல் காட்டும். அந்த இடத்துக்கு வளைகோடு வந்து சேரும்போது சரிவு குறைந்திருக்கும். மறுபடியும் அடிக்கோலை வைத்தால், அச்சு இன்னும் அதே 2.9 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கும்.